பசித்தோர்க்கு அடுப்பேற்றிய வடலூர் வள்ளலார்

நால்வகைத் தானங்களுள் ஆகார தானத்தை முதலில் வைத்து எண்ணுவது நம் மரபு. அபயமும் ஔடதமும் சாத்திரமும் உயிர் உடலில் நிலைபெற்றிருக்கும்போதே பயன்படுவன. அவ்வுடலை நிலைநிறுத்துவது உணவு. உணவளிப்பதிலும் இரு நெறிகளைச் சான்றோர் பிரித்துக் காட்டினர். நோன்பு மேற்கொண்ட துறவோர்க்கும் அறவோர்க்கும் பக்தியோடு அளிப்பது பாத்திர தானம். துன்புறும் உயிர் எதுவாயினும் அதன் துன்பம் கண்டு இரங்கி அளிப்பது கருணா தானம். முன்னதில் பெறுவோரின் தகுதி நோக்கப்படும். பின்னதில் பெறுவோரின் பசியே தகுதி. இந்த இரண்டாம் நெறியைத் தம் வாழ்வின் முழுப்பணியாக ஏற்று, அதற்கென நிலமும் அடுப்பும் விதியும் வகுத்துச் சென்ற ஒருவர் நம் கடலூர் மாவட்டத்தில் வாழ்ந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் கொல்லாமையையும் பசி நீக்குதலையும் ஒரே அறத்தின் இரு கைகளாகக் கண்ட இராமலிங்க அடிகளின் வரலாற்றை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிந்திருத்தல் நன்று.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிழக்கே சேத்தியாத்தோப்பை அடைந்து, அங்கிருந்து கும்பகோணம் – சென்னை நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் வடலூர் வந்துவிடும். விருத்தாசலத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் பாதையும் அங்கேதான் குறுக்கிடுகிறது. நாற்றிசையிலிருந்தும் வழிப்போக்கர் வந்து கூடும் சந்திப்பு அது. பசித்தோர்க்கு உணவிட ஓரிடம் தேடுவோர்க்கு இதனினும் பொருத்தமான இடம் கிடைத்திராது என்றே எண்ணத் தோன்றுகிறது. சமயம் கடந்த நேயமும் இப்பகுதிக்குப் புதிதன்று. ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்தின்போது கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள, அங்குள்ள இசுலாமியப் பெருமக்கள் எதிர்கொண்டு சிறப்புச் செய்வதை இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர்.

இராமலிங்கர் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் தோன்றினார். தந்தையார் இராமையா பிள்ளை அவ்வூர்க் கணக்கர், தாயார் சின்னம்மையார். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். ஐந்து மக்களுடன் தனித்து நின்ற தாயார் முதலில் தம் பிறந்தகமான பொன்னேரிப் பக்கத்துச் சின்னக்காவணத்திற்கும், பின்னர்ச் சென்னைக்கும் குடிபெயர்ந்தார். மூத்த மகனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து கிடைத்த வருவாயில் குடும்பம் நடந்தது. ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமித் தெருவில் சிறியதொரு வீடு.

தம்பி பள்ளிப் பாடத்தில் மனம் செலுத்தாமல் கந்தகோட்டத்திலேயே பொழுதைக் கழிப்பது கண்டு தமையனார் வெகுண்டார். வீட்டில் இவனுக்குச் சோறிடலாகாது என்று தம் மனைவியாருக்கு ஆணையிட்டார். அவ்வம்மையார் பாப்பாத்தி அம்மாள் கணவரின் சொல்லையும் மீற இயலாது, பிள்ளையின் பசியையும் பொறுக்க இயலாது, தமையனார் அறியாதபடி பின்வாயிலில் அழைத்துச் சோறிட்டு வந்தார் என்று வரலாறு கூறும். தந்தையாரின் திதி நாளன்று வீட்டில் பலரும் விருந்துண்டு சென்றபின், கண்ணீருடன் அவ்வம்மையார் இலையிட்ட நிகழ்ச்சியே பிள்ளையின் மனத்தைத் திருப்பிப் படிப்பில் ஈடுபடச் செய்ததாம். மற்றொரு கதையும் உண்டு. திருவொற்றியூர் வழிபாடு முடித்து இரவு நெடுநேரம் கழித்து வந்தவர், கதவைத் தட்டி எவரையும் எழுப்ப விரும்பாமல் திண்ணையிலேயே பசியோடு படுத்துவிட, அன்னை வடிவுடையம்மையே அண்ணியார் உருவில் வந்து அமுதளித்தாள் என்பர். இக்கதையை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது: பிற்காலத்தில் பசியின் கொடுமையைப் பற்றி அவர் எழுதியதைப் படிப்போர்க்கு, இவர் பிறர் பசியை மட்டும் பார்த்து எழுதியவர் அல்லர் என்பது விளங்கும்.

சென்னை வாழ்க்கையை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. புலவராகவும் சொற்பொழிவாளராகவும் உரைநடையாசிரியராகவும் அவர் பெயர் பெற்றார். உறவினர் வற்புறுத்தலால் தமக்கையின் மகள் தனம்மாளை மணந்தும் இல்லறத்தில் பற்றின்றியே இருந்தார். காவி உடுத்தாமல் வெள்ளாடையே அணிந்தார். ஏறத்தாழ 1858இல் சென்னையை நீங்கித் தென்திசை வந்து, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பவர் இல்லத்தில் ஒன்பதாண்டுகள் தங்கினார். தண்ணீரில் விளக்கெரித்த அற்புதம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது இவ்வீட்டில்தான். மக்கள் அந்த விளக்கைப் பற்றிப் பேசும் அளவுக்கு, பின்னர் அவர் ஏற்றிய அடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்பது இதை எழுதுவோரின் நெடுநாளைய குறை.

கருங்குழியில் அவர் இருந்த காலம் நாட்டுக்கு நல்ல காலம் அன்று. 1865, 1866ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. ஒரிசாவில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மடிந்தனர். சென்னை மாகாணத்தின் வடபகுதியும் அப்பஞ்சத்தில் சிக்கியது. தானிய விலை ஏறினால் முதலில் வீழ்பவர்கள் நிலமற்ற கூலியாட்கள், கைம்பெண்கள், முதியோர், உடற்குறை உடையோர், ஊர்விட்டு ஊர் செல்லும் ஏழை வழிப்போக்கர். சத்திரங்கள் அக்காலத்தில் பல இருந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை இன்ன சாதியார்க்கு, இன்ன சமயத்தார்க்கு என்று கட்டளை எழுதி வைக்கப்பட்டவை. பந்தியில் இடம் பெறுவதற்குப் பசி போதாது, பிறப்பும் வேண்டியிருந்தது.

1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவிய இராமலிங்கர், அதன் முதற்பணியாக ஓர் உணவுச்சாலை அமைக்க எண்ணினார். வடலூர் எனப்பட்ட பார்வதிபுரத்து மக்களிடம் தம் எண்ணத்தைச் சொன்னார். அவ்வூரார் ஒன்றுகூடி எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தனர். பெருஞ்செல்வர் ஒருவர் தம் பெயர் நிலைக்கக் கொடுத்த கொடை அன்று இது. ஓர் ஊரே சேர்ந்து கொடுத்தது. அதனாலேயே இச்சாலை எவருடைய பெயரையும் தாங்கவில்லை. 1867 மே 23ஆம் நாள், பிரபவ ஆண்டு வைகாசி மாதத்தில், சமரச வேத தருமச்சாலை தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் மண்சுவரும் கூரையுமாகவே அது இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அதன் பெயர் சத்திய தருமச்சாலை என்று மாற்றப்பட்டது.

சாலை நடந்த முறை எளியது. ஊரூராக விண்ணப்பம் அனுப்பி, அவரவர் சக்திக்கு ஏற்றபடி பொருளாகவோ தானியமாகவோ உதவுமாறு வேண்டினர். வந்த அரிசியும் பருப்பும் காய்கறியும் விறகும் சேர்த்து வைக்கப்பட்டன. சேர்த்ததைச் சமைத்து, வந்தவர்க்கு இட்டனர். சாதி, சமயம், ஊர், நாடு, ஒழுக்கம் ஆகிய எதையும் விசாரிக்கலாகாது என்பது கட்டளை. ஒழுக்கத்தையும் விசாரிக்க வேண்டா என்று சேர்த்ததை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். பிறப்பை வினவக்கூடாது என்று கூறும் பெரியோர் பலர் உளர். தீயொழுக்கம் உடையவனுக்கும் சோறிடு என்று சொல்லத் துணிந்தோர் சிலரே.

21 அடி நீளமுள்ள அங்குள்ள அடுப்பு அன்று ஏற்றப்பட்டது முதல் அணையாது எரிந்து வருகிறது என்பது வடலூர் மரபு. அரிசி தீர்ந்துபோன ஓர் இரவில், பணியாளர் கலங்கி நிற்க, நாளை வந்துவிடும் என்று அடிகள் அமைதியாகக் கூறினார் என்றும், மறுநாள் திருத்துறையூரிலிருந்து வண்டிகளில் அரிசி வந்து இறங்கியது என்றும் அங்குள்ளோர் சொல்லக் கேட்கலாம். அற்புதம் என்று இதைக் கொள்வோர் கொள்க. உணவுச்சாலை ஒன்றை நடத்திப் பார்த்தவர்க்கு அந்த இரவின் கலக்கம் நன்கு புரியும். விழா நாளில் ஆயிரம் பேர்க்கு இலை போடுவது கடினமன்று. அதற்குக் கொடையாளர் வரிசையில் நிற்பர். மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை மாலையில், எவரும் பெயர் கேட்காத நாளில், அடுத்த வேளைக்கு அரிசி இருப்பதே கடினம். எண்பது காணி நிலமும் ஊரூராகச் சென்ற விண்ணப்பமும் அந்தப் புதன்கிழமைக்காகச் செய்த ஏற்பாடுகள்.

இந்தச் சாலைக்கு அடிப்படையான கருத்துகளை அவர் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் விரித்துரைத்தார். பசி வந்தபோது உடலில் நேரும் மாற்றங்களை ஒரு மருத்துவர் போல அதில் வரிசைப்படுத்துகிறார்: அறிவு மயங்குவது, கண் குழிவது, காது அடைப்பது, நா வறள்வது, கைகால் சோர்வது. உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, கொலை, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் என்று எண்ணி, அவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதே உயர்ந்த சீவகாருணியம் என்று முடிவு கட்டுகிறார். கொலையை நிறுத்துவதோடு அகிம்சை நிறைவடைந்துவிட்டது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவர் கணக்கில், பசியால் ஓர் உயிர் வாடுவதைக் கண்டும் வாளாவிருப்பது கொலைக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பதாகும்.

அந்நூலில் நம்மவர் மிகவும் கருத வேண்டிய பகுதி வினைப்பயனைப் பற்றியது. ஒருவன் பசியால் துன்புறுவது முற்பிறவியில் அவன் செய்த தீவினையின் பயன். அதை அனுபவித்துத் தீர்க்கட்டும். நாம் இடைபுகுந்து உணவளிப்பது நியதிக்கு மாறாகாதா என்று ஒருவர் கேட்கக்கூடும் என்று அவரே வினாவை எழுப்புகிறார். வினைக் கொள்கையை ஏற்றுக்கொண்ட எந்தச் சமயத்தாரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. இரக்கமின்மைக்கு இதனினும் வசதியான போர்வை வேறில்லை. அவர் தரும் விடை எளிய ஓர் உவமையில் இருக்கிறது. பெருங்குற்றம் செய்தவனை அரசன் விலங்கிட்டுச் சிறையில் அடைக்கிறான். ஆயினும் அச்சிறையிலிருப்பவனுக்குத் தன் ஏவலர் வழியாக அவ்வரசனே நாள்தோறும் உணவு கொடுக்கச் செய்கிறான். தண்டனை வேறு, பட்டினி வேறு. ஏவலன் சோறு கொண்டு செல்வதால் அரசாணை மீறப்படுவதில்லை, நிறைவேற்றப்படுகிறது. அரசனைப் போன்ற ஓர் இறைவன் வினைப்பயனை ஊட்டுகிறான் என்பது நம் சித்தாந்தம் அன்று. வினை தானே பயன் தரும் என்பதே நம் கொள்கை. ஆனால் அந்த வேற்றுமையால் விடை மாறிவிடுவதில்லை. பசித்தவன் தன் பழவினையைக் கழிக்கிறான் என்றால், அவனைக் கடந்து செல்பவன் அந்த நொடியில் புதுவினையைச் சேர்க்கிறான்.

ஓரறிவுயிர் பற்றியும் அவர் ஆராய்ந்திருக்கிறார். புல்லும் நெல்லும் மரமும் உயிர்கள்தாமே, அவற்றை உண்பது கொலையாகாதா என்பதே வினா. நம் ஆசாரியர்கள் புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வகுத்ததை அறிந்தோர்க்கு இது பழகிய இடம். வித்தும் காயும் கனியும் கொள்வது, உடலிலிருந்து நகமும் மயிரும் களைவது போன்றதாகும், அங்கே உயிர் போக்கும் துன்பம் நிகழ்வதில்லை என்று அவர் அமைதி காண்கிறார். நம் நூல்கள் வகுத்த நுண்மையான விலக்குகள் அனைத்தும் அவரிடம் இல்லை. எனினும் ஒன்றில் அவர் சிறிதும் தளரவில்லை. ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியைத் தீர்ப்பது சீவகாருணியம் ஆகாது என்றார். பஞ்சகாலத்திலும் தருமச்சாலைக்கு விலக்குக் கிடையாது.

திருமண வீட்டில் பந்தலும் மேளமும் கூத்தும் பெருக்கிச் செலவிடுவோரை நோக்கியும் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். மணமக்களுக்கு எதிர்பாராத இடர் நேரும்போது அந்தப் பந்தலும் மேளமும் வந்து உதவப்போவதில்லை; பசி நீங்கியவரின் அகமலர்ச்சியோ வாழ்த்தாய் நிற்கும் என்பது அவர் கருத்து. விழா மலர் ஒன்றில் இதை எடுத்துச் சொல்லும்போது நமக்கே சிறிது கூச்சம் உண்டாகிறது, உண்டாவதும் தகும்.

சைவக் குடியிற் பிறந்து, ஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டு பாடியவர் இவர். சம்பந்தர் பெயரும், திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனராக இருந்து பின்னர் அப்பராகிய நாவுக்கரசர் பெயரும் நம் மக்களிடையே எழுப்பும் நினைவுகள் யாவை என்று விளக்க வேண்டுவதில்லை. அத்திருப்பாதிரிப்புலியூர்தான் பாடலிபுத்திரம் என்னும் பெயருடன் சமணப் பள்ளி சிறந்து விளங்கிய ஊர்; சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவரின் லோகவிபாகம் நிறைவுற்றதும் அங்கேதான். அந்தப் பழைய வழக்குகள் நடந்த மண்ணில், நெடுங்காலம் கழித்து வந்த ஒரு சைவத் துறவி, 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருரையில், தமக்கு முன்பு சைவத்தின்மேல் இருந்த பற்று எவ்வளவு பெரியது என்பதைத் தாமே கூறி, அதையும் விட்டுவிட்டதை அறிவித்தார். சமயங்களின் பெயரால் பொழுதை வீணாக்க வேண்டா என்று வந்தவர்க்கு உரைத்தார். வாதில் வென்றும் தோற்றும் எவரும் செய்யாததை, உயிரிரக்கம் ஒன்றே செய்து முடித்தது எனலாம்.

1870இல் அவர் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்திற்குச் சென்று தங்கினார். 1872 ஜனவரி 25, தைப்பூச நாளில், வடலூரில் எண்கோண வடிவில் எழுப்பிய சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. பாமரரும் கற்கத் திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்ததும், தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் கற்பிக்கும் பள்ளி ஒன்றை எண்ணியதும் அவருடைய வேறு முயற்சிகள். அவர் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்று எழுந்த வழக்கு நீதிமன்றம் வரை சென்றது, அது தனிக்கதை. இறுதி ஆண்டுகளில், தம்மைச் சூழ்ந்தோர் அற்புதங்களை எதிர்பார்த்தனரேயன்றித் தம் நெறியைக் கைக்கொள்ளவில்லை என்னும் ஏக்கம் அவருக்கு மிகுந்தது. தாம் அரிதின் எழுப்பிய ஞானசபையையே சிலகாலம் மூடிவைக்கச் செய்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். வழிபடும் இடத்திற்குப் பூட்டுப் போடச் செய்தவர், அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. 1874 ஜனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்து அறையினுள் புகுந்தவர் அதன்பின் எவர் கண்ணுக்கும் தோன்றவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மாண்டோர் பல லட்சம். அரசாங்கமும் உதவியது, ஆனால் அளந்து உதவியது. 1877இல் பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் வளர்ந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதினார். உண்மையிலேயே பசித்தவன்தானா என்று அறிய வேலையைச் சோதனையாக வைத்தது அந்த முறை. கல்லுடைக்க இயலாத நிலைக்கு வந்தவனே மிகவும் பசித்தவன் என்பதைச் சட்டத்தால் காண முடியவில்லை. அதே காலத்தில் தென்னார்க்காட்டு மாவட்டத்தின் நாற்சந்தி ஒன்றில், எந்தச் சோதனையும் வைக்காமல் இலை போடுவதற்கென்றே ஏற்றப்பட்ட அடுப்பு ஒன்று இருந்தது.

தருமச்சாலை தோன்றிய நூறாவது ஆண்டில், அதாவது 1967இல், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் உலகின் முதல் உணவு வங்கி என்று இன்று கூறப்படும் நிலையத்தைத் தொடங்கினார். கடைகள் குப்பையில் எறியும் நல்ல உணவைப் பொறுக்கித் தன் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் பேச்சே அவருக்கு வழிகாட்டியது. மிகுந்த இடத்தில் வாங்கிச் சேமித்து, இல்லாத இடத்துக்கு அனுப்புவது அவ்வங்கியின் முறை. இன்று பல நாடுகளில் அது பரவியிருக்கிறது. வடலூரில் மிச்சத்தைத் திரட்டவில்லை. பயிர் செய்வோரிடமும் வணிகரிடமும் பங்கைக் கேட்டு வாங்கினர். பீனிக்ஸில் மூட்டையாகக் கொடுக்கிறார்கள். வடலூரில் சமைத்து இலையில் இடுகிறார்கள். சமைக்க அடுப்பும் விறகும் இல்லாதவன், நடந்து களைத்தவன், கை நடுங்கும் முதியவள் ஆகியோர்க்கு இரண்டாவது முறையே உதவும் என்பது எம் எண்ணம். வீடும் அடுப்பும் உள்ள ஏழைக் குடும்பத்திற்கு, பலர் முன் பந்தியில் அமரக் கூசும் தாய்க்கு, மூட்டையே மேல்.

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தமிழக அரசு 2021இல் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இறைச்சிக் கடைகளை மூட ஆணையிடப்படும் நாட்களுள் மகாவீரர் ஜயந்தியும் வள்ளலார் நினைவு நாளும் அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. தருமச்சாலையில் இன்றும் மூன்று வேளையும் உணவு வழங்கப்படுகிறது. தைப்பூசத்தின்போது அங்கே செல்வோர் பல்லாயிரவர். அன்று சோதி காண நிற்கும் வரிசையே நீளமானது. மற்ற நாட்களில் நண்பகலில் சென்றால் கூட்டமிராது. வெளியூர்ப் பேருந்திலிருந்து இறங்கிய கூலியாள் ஒருவர், பக்கத்து ஊர் மூதாட்டி ஒருவர், எவரென்று தெரியாத வேறு சிலர் இலைமுன் அமர்ந்திருப்பர். அரிசி மூட்டையோ காய்கறியோ கொண்டு செல்வோரிடமிருந்து அங்கேயே பெற்றுக்கொள்கிறார்கள்.